அம்மாவின் வலது முட்டியை நான் மாற்றவில்லை

என் அன்பு மச்சான் சாமுவேல்,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வண்டியை விட்டு, உன் வீட்டு வாசலில் வைத்தே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீ முதலில் சிரித்திருப்பாய், அப்புறம் திட்டியிருப்பாய். இப்போது சிரிக்கவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் அம்மா நடக்கிறார். உன்னை அடக்கம் செய்த அன்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தார். இப்போது வலது முட்டியில் உலோக மூட்டு இருக்கிறது. கைத்தடியை வீட்டிலேயே மறந்துவிட்டுச் சந்தைக்குப் போய் வருகிறார். இடது முட்டிக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

நான் மறுபடியும் படிக்கிறேன், மச்சான். எலும்பு டாக்டராகி, வருஷக்கணக்கில் உடைந்த கை கால்களைச் சேர்த்துவைத்த பிறகு, இடுப்பு மூட்டும் முட்டியும் மாற்றுவதற்கென்றே இருக்கும் தனிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். ஃபெல்லோஷிப் என்பார்கள். பெயர் கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? வேலை என்னவென்றால், மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று கொக்கியால் சதையை விலக்கிப் பிடிக்க வேண்டும். மடக்கு என்றால் நோயாளியின் காலை மடக்க வேண்டும், நீட்டு என்றால் நீட்ட வேண்டும்.

சொல்லித் தருகிற டாக்டர் வோங் என்னைவிட வயதில் சின்னவர். பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருப்பார். எலும்பை வெட்டுவதுகூடப் பெரிய விஷயமில்லை. காலை மடக்கினாலும் நீட்டினாலும் முட்டியின் இரண்டு பக்கத் தசைநார்களும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கை வைத்ததும் அதைச் சொல்லிவிடுகிறார். எனக்கு இப்போதுதான் மெல்லப் பிடிபடுகிறது.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, பயிற்சியில் இருக்கிறேன் என்று ஊரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈப்போவுக்கு மாற்றலாகி வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மாவைக் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். டாக்டர் வோங் முட்டியை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரேயைக் காட்டினார், தானும் தன் குழுவும் அறுவை சிகிச்சை செய்யப்போவதாக மலாயில் பொறுமையாக விளக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 'தெரிமா காசே, மிஸ்ஸி' என்று நன்றியும் சொன்னார். டாக்டர் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்த மிஸ்ஸி நல்ல புள்ள லா, தன்மையா பேசுது. ஆனா வெட்டுறது நீதானே குணா?"

மிஸ்ஸி என்றால் நம் பக்கத்தில் தாதி. தன் முட்டியைத் திறக்கப் போகிறவரையே அம்மா தாதி என்று நினைத்துவிட்டார். அறையில் ஒரு தமிழ் ஆம்பிளை இருந்தான், ஒரு சின்னப் பெண் இருந்தாள், யார் பெரிய டாக்டர் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஒரே வார்த்தையில் திருத்தியிருக்கலாம். "கவலப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன். பொய் சொல்லவில்லை, பார்த்தாயா? அவ்வளவு சாமர்த்தியம்.

அறுவை சிகிச்சை அன்று நான் கொக்கியைப் பிடித்தேன். கடைசியில் தோலைத் தைக்கும் வேலையை டாக்டர் வோங் என்னிடம் தந்தார். என் பங்கு அவ்வளவுதான். கண் விழித்த அம்மா என் கையைப் பிடித்து, "நீதானே செஞ்சே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதில் சாமர்த்தியம்கூட இல்லை, சுத்தப் பொய்.

அதோடு நின்றிருந்தால் எனக்குள்ளேயே புழுங்கிக் கிடந்திருக்கும். போன மாதம் உங்கள் வீட்டில் நன்றி ஜெபம் வைத்தார்கள். நான் கோயிலுக்குப் போகிறவன் என்றாலும் உன் வீட்டு ஜெபத்தை எப்போது விட்டேன்? ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்ததும், அம்மா யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஆண்டவரு எம் புள்ளைய எடுத்துக்கிட்டாரு. ஆனா அவன் கூட்டாளி கையாலயே என்னய நடக்க வச்சாரு."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். நின்றேன், மச்சான். கை கூப்பினேன். கேசரியை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். பொய் பேசத் தெரியாத உன் அம்மா, தன் ஆண்டவருக்கு முன்னால் என் பொய்யைத் தன் வாயால் சொன்னார். நீ அங்கே இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய் அல்லவா?

போன வாரம் டாக்டர் வோங் என்னைக் கூப்பிட்டு, இடது முட்டியை நீங்களே செய்யுங்கள், எதிர்ப்பக்கம் நான் நிற்கிறேன் என்றார். பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருந்த வார்த்தை இது. இதைச் செய்துவிட்டால் பொய்யில் பாதி உண்மையாகிவிடும் என்று ஒரு புத்தி உள்ளே ஓடியது. அந்தப் புத்தியை நினைத்தால்தான் எனக்கு ரொம்பவும் வெட்கமாக இருக்கிறது. வலது முட்டியை நான் செய்தேன் என்று நம்பித்தானே அம்மா இடது காலை நீட்டப் போகிறார்? நான் முழுதாகச் செய்யப்போகும் முதல் முட்டியே அதுதான் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

டாக்டர் வோங்கிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா மிஸ்ஸி என்றது தனக்கும் கேட்டதாம். பிறகு நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார், அவ்வளவுதான். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பரவாயில்லப்பா என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் மீன் தலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புள்ளைய நான் மிஸ்ஸி மிஸ்ஸின்னு கூப்பிட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமாம்மா."

"நாளைக்குச் சபையில எந்திரிச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்."

நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"சாட்சி என்னோடது. நான்தான் திருத்தணும். நீ வந்து பக்கத்துல நில்லு, போதும்."

இடது முட்டியைப் பற்றிக் கேட்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. இன்னொரு காலையும் அந்த டாக்டரம்மாவே செய்யட்டும் என்றார். மிஸ்ஸி போய் டாக்டரம்மா வந்துவிட்டது. என் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சாப்பிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து நான் பசியோடு திரும்பியது இன்றுதான்.

நாளை காலையில் சபைக்குப் போகிறேன், மச்சான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அம்மாவின் பக்கத்தில் நிற்பேன். அவர் பேசி முடிக்கும்வரை வெளியே போகமாட்டேன். இடது முட்டியை மாற்றும் அன்று என்னை எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்பேன். கண் விழித்ததும் யார் செய்தது என்று அம்மா கேட்டால், கேட்காவிட்டாலும், அந்தப் பெயரைச் சொல்வேன்.

அம்மா மறுபடி சாப்பிடக் கூப்பிடும் நாள்வரை,
வாசலிலேயே நிற்கும் உன் மச்சான்,
குணா