இரண்டு பானைக்கு ஒரு மூடி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பட்டறைக்குப் போய்த்தான் முகம் கழுவினேன். பட்டறை என்று நாங்கள்தான் சொல்கிறோம். முதலாளி வாசலில் 'கணினி வடிவமைப்பகம்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். உள்ளே நான்கு மேசை, ஒரு துளை போடும் மெஷின், கேட்டபடி கணினி கட்டித் தரும் ஐந்து பேர். அதில் இருவர் நானும் என் வீட்டுக்காரரும்.

புது வேலை வந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்காரர் ஒருவருக்குச் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி வேண்டுமாம், அதற்குள் இரண்டு ப்ராசஸர். பாடுகிறவர் பக்கத்திலேயே வைப்பாராம். "மூச்சு விடுற சத்தம்கூட மைக்ல விழும்மா" என்றார். ஆளுக்கொரு விசிறி வைக்க இடமில்லை, வைத்தாலும் இரைச்சல். இரண்டின் சூட்டையும் ஒரே ஏற்பாட்டில்தான் வெளியே தள்ள வேண்டும்.

மாலை வரை அதே நினைப்பு. இந்த மாதிரி வேலை வந்தால்தான் எனக்கு ஒழுங்காகப் பசிக்கிறது.

மார்ச் 5

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை குறைந்துவிட்டதாம். வடிவமைப்புக்கு இனி ஒருவர் போதுமாம்.

"ஆளுக்கு ஒண்ணு பண்ணிக் காட்டுங்க. எது நிக்குதோ அவங்க இருங்க. இன்னொருத்தர் முப்பத்தொண்ணாந்தேதியோட நின்னுக்கலாம்." பிறகு சிரித்தார். "ஒரே வீடுதானே. யார் ஜெயிச்சா என்ன? சோறு ஒரே பானையிலதானே வேகுது."

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், முதலாளியைவிடச் சத்தமாக. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று சொல்வதற்குப் பதிலாக இந்த முதலாளி கத்திகளையே மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

மார்ச் 6

ராத்திரி சாப்பாட்டின்போது அவர் தன் தங்கைக்கு ஃபோன் போட்டார். என் எதிரிலேயே.

"அம்மாவை ஏப்ரல் முதல் வாரம் இங்க கொண்டுவந்து விட்டுடு. இவ இனிமே வீட்டுலதான் இருப்பா."

மாமியாருக்கு இடது கையும் காலும் விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புரட்டிப் போடக்கூட ஆள் வேண்டும்.

"இன்னும் ஒரு கோடுகூட இழுக்கலையே நம்ம ரெண்டு பேரும்" என்றேன்.

"உனக்கும் ஓய்வு வேணாமா? எத்தனை வருஷமா ஓடுற" என்றார். குரலில் என்ன கனிவு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

வீட்டில் உட்கார்ந்தால் நான் செத்துப்போவேன். மிகைப்படுத்தி எழுதவில்லை. காலையில் அந்தப் படம் வரையும் மேசைக்கு முன் உட்காரும் நேரத்தில் மட்டும்தான் நான் யாருக்கும் எதுவும் இல்லை, நானாக இருக்கிறேன். அதை எடுத்துத் தன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார், குழம்பு ஊற்றிக்கொண்டே.

மார்ச் 9, திங்கள்

என்னுடையது தண்ணீர். ஒரு சின்ன பம்ப். தண்ணீர் முதல் ப்ராசஸரின் மேல் ஓடி, அடுத்ததின் மேல் ஓடி, தகடுகளுக்குப் போய் ஆறித் திரும்ப வரும். குறை எனக்கே தெரியும் - முதல் ஆள் குளித்த வெந்நீரில்தான் இரண்டாவது ஆள் குளிக்க வேண்டும்.

அவருடையதை எட்டிப் பார்த்தேன். ஒரே செம்புத் தகடு, இரண்டு ப்ராசஸரையும் சேர்த்து மூடுகிறது. அதிலிருந்து செம்புக் குழாய்கள், மேலே மெல்லிய தகடுகள், ஒரே ஒரு பெரிய விசிறி, மெதுவாகச் சுற்றும். பம்ப் இல்லை. தண்ணீர் இல்லை. சத்தம் இல்லை.

பார்த்த உடனே வயிறு எரிந்தது. நல்ல வேலை. எட்டு வருடமாக நான் போட்ட படங்களின் மூலையில் தன் பெயரை எழுதிக் கொடுத்த மனிதர், வருகிறவர்களிடம் என்னை "எங்க வீட்டு டிராயிங் மெஷின்" என்று அறிமுகம் செய்கிற மனிதர் - வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சொந்தமாக யோசித்திருக்கிறார். அது இப்போதா வரவேண்டும்?

மார்ச் 11

பம்ப் வந்துவிட்டது. கொசு மாதிரி பாடுகிறது.

மார்ச் 12

அவர் பெட்டியில் ஒரு ப்ராசஸர் மற்றதைவிடத் தலைமுடி கனம் தாழ்ந்திருக்கிறது. இந்தப் பக்கத் திருகை இறுக்கினால் அந்தப் பக்கம் தகடு தூக்கிக்கொள்கிறது. அந்தப் பக்கம் இறுக்கினால் இந்தப் பக்கம். காலையிலிருந்து திருகுகிறார், திட்டுகிறார். நான் நேற்றே அளந்து பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். கெடட்டுமே.

மாலையில் அவரே கண்டுபிடித்துவிட்டார். தாழ்ந்திருப்பதன் மேல் மெத்தென்ற பேட் ஒன்றை வைத்தால் இடைவெளி நிரம்பும், சூடும் கடந்து போகும். வீடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 16

இதை எழுதலாமா?

எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

நாளை காலை சோதனை. மதியம் அவர் பேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "என் விரல் தடி. நீ ஒட்டிடு." எந்த வீட்டில் நடக்கும் இது? தோற்கவேண்டியவள் கையிலேயே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். நான் எதிராளி என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

பேட்டின் இரண்டு பக்கமும் தாள் ஒட்டியிருக்கும். மேலே நீலம், யாரும் மறக்க மாட்டார்கள். கீழே கண்ணாடி போலத் தெளிந்த தாள், இருப்பதே தெரியாது. உரிக்காமல் வைத்தால் சூடு அதைத் தாண்டிப் போகாது. நகத்துக்குப் பிடி கிடைக்க நான் எப்போதும் தாளின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டுத்தான் உரிப்பேன். பட்டறையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

நீலத்தை உரித்தேன். தெளிந்த தாளின் மூலையைக் கத்தரித்தேன். பிறகு உரிக்கவில்லை.

கை மறந்ததா? இல்லை. தகட்டை வைத்துத் திருகுகளைச் சமமாக இறுக்கினேன். அவ்வளவு அழகாக எதையும் நான் மாட்டியதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக்காரர் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

அவர் தன் பெட்டியைப் போட்டதும் சத்தமே இல்லை. ஒலிப்பதிவுக்காரர் காதை வைத்துப் பார்த்து, "ஓடுதா?" என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைக் கல்யாணத்தன்று பார்த்தது.

பிறகு திரையில் சூட்டைக் காட்டும் எண்கள் பிரிந்தன. ஒன்று அறுபதில் நின்றது. மற்றது எண்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போனது. நூற்றைத் தொட்டதும் பெட்டி அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

"என்னய்யா இது, ரெண்டு பானைக்கு ஒரு மூடி போட்டிருக்க? ஒண்ணு பொங்கி வழியுது" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கீழ்த் தாளை உரிச்சியா?"

அத்தனை பேர் முன்னால். நேராக என் கண்ணைப் பார்த்து.

"உரிச்சேனே" என்றேன்.

"திறந்து பாத்துடலாம் சார், பத்து நிமிஷம்…"

"பொண்டாட்டி மேல பழி போட்டுப் பொழைக்கிற நெலைமைக்கு வந்துட்டியா? மூடி வை" என்றார் முதலாளி.

மூடி வைத்தார். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால் - இருந்தது. இனித்தது அதைவிட அதிகம்.

மார்ச் 18

என் பெட்டி நாள் முழுக்க ஓடியது. இரண்டாவது ப்ராசஸர் எண்பத்தொன்று, தாங்கும். ஒலிப்பதிவுக்காரர் காதைச் சாய்த்து, "கொசு ஏதும் இருக்கா இங்க?" என்றார். வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்.

ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 31

அவருக்குக் கடைசி நாள். "சாமானெல்லாம் எடுக்க நேரமாகும், நீ முன்னால போ" என்றார். இருட்டியபின் வந்தார். சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். குழம்பு நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார். தேறிவிட்டார் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாமியார் வந்தாயிற்று. கட்டிலில் படுக்கவைத்த உடனே கேட்டாள்: "ஆம்பள வீட்டுல, பொம்பள வெளியில. யாரு இந்த ஏற்பாடு பண்ணது?"

"உங்க பிள்ளைதான், ஃபோன் போட்டு" என்றேன்.

அவர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய், அதே குரலில், அதே கனிவோடு சொன்னேன்: "உங்களுக்கும் ஓய்வு வேணாமா? எத்தனை வருஷமா ஓடுறீங்க."

நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆமா" என்று மட்டும் சொன்னார். நெருப்பை அள்ளிக் கொட்டினால் சுடவேண்டும் அல்லவா? சுடாதபோது என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 15

படத்தின் மூலையில் என் பெயர். மூன்று முறை பென்சிலில் எழுதிப் பார்த்து நான்காவது முறை மையால் எழுதினேன்.

ஏப்ரல் 22, புதன்

ஒலிப்பதிவுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதிந்த பாட்டையெல்லாம் போட்டுக் காட்டினார். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் எல்லாம் என் பம்ப் பாடுகிறது.

"நல்லா இருக்கும்மா, சுருதி மட்டும் சேரல" என்றார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: "உன் வீட்டுக்காரன் பெட்டி அலமாரியில கெடக்கு. பம்ப் இல்லாததுன்னா அதுதான். என்ன கோளாறுன்னு பாத்து ஓடவை. ஓடலைன்னா, அடுத்த மாசம் உனக்கும் ஓய்வுதான்."

கோளாறு என்ன என்று எனக்குத் தெரியாதா? தாளை உரித்தால் ஓடிவிடும். உரித்துவிட்டு, நானே சரிசெய்தேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். பாம்பும் சாகும், தடியும் உடையாது.

ஏப்ரல் 23

எல்லோரும் போன பிறகு திறந்தேன். திருகுகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். பேட்டை நெம்பி, கீழே மூலையில் நகத்தை வைத்தேன்.

தாள் இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். இல்லை. யாரோ உரித்துவிட்டு, பேட்டைச் சுருக்கமில்லாமல் திரும்ப வைத்து, திருகுகளைச் சமமாக இறுக்கியிருக்கிறார்கள்.

மூடிவிட்டுப் போட்டேன். ஒன்று அறுபத்திரண்டு. மற்றது அறுபத்தேழு. அதே இடத்தில் நின்றது. சத்தமே இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி. சாமான் எடுக்க நேரமாகும், நீ முன்னால் போ.

வீட்டுக்கு வந்தேன். அவர் தன் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பெட்டி ஓடுது" என்றேன்.

"தெரியும்."

"அப்பவே முதலாளிகிட்டக் காட்டியிருக்கலாமே. மூலை கத்தரிச்ச தாளைப் பார்த்தா யார்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும்."

"காட்டியிருந்தா உன்னை அனுப்பியிருப்பார். என்னைக் கூப்பிட்டிருப்பார். அதோட முடிஞ்சு போயிருக்கும்." தலையணையைச் சரிசெய்தார். "முடிய வேணாம்னு தோணிச்சு."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம். நீ தினம் போய் என் பெட்டியைச் செய். சாயங்காலம் இங்கதானே வரணும்."

மாமியார், "என்ன பேசிக்கிறீங்க, எனக்குக் கேக்கல" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, பட்டறை விஷயம்" என்றார் அவர்.

ஏப்ரல் 24

முதலாளி பாராட்டினார். "புருஷன் கெடுத்ததைப் பொண்டாட்டி எப்படி நிமித்திட்டா பாருங்கய்யா" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் போய் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

ஏப்ரல் 29

ஒலிப்பதிவுக்காரர் தன் கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறார். அதே போல ஏழு பெட்டி வேண்டுமாம். ஏழு பேட். ஒவ்வொன்றிலும் மூலையைக் கத்தரிக்கப் போனால் கத்தரிக்கோல் வழுக்குகிறது.

மே 3, ஞாயிறு

காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திரையை அவர் விலக்கியிருந்தார், வெயில் சாய்வாகக் கண்ணாடியில் விழுந்தது. கீழ் மூலையில் ஏதோ ஒரு சதுரம் மினுங்கியது.

தொட்டேன். தாள். தெளிந்த தாள், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டியிருக்கிறது. ஒரு மூலை கத்தரித்தது.

மார்ச் முப்பத்தொன்றிலிருந்து இங்கேயேவா? தினமும் இதன் முன்னால் நின்றுதானே தலை வாரினேன், படத்தின் மூலையில் பெயர் எழுதிவிட்டு வந்து இங்கேதானே சிரித்துப் பார்த்துக்கொண்டேன். அவர் கட்டிலில் படுத்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்.

நகத்தை வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது, கோபமே இல்லாமல்.

"அதை உரிக்காத."

கையை எடுத்துவிட்டேன். அவர் எழுந்து, டீ போடட்டுமா என்று கேட்டார்.

மே 10, ஞாயிறு

வீடு சுத்தம் செய்தேன். மாமியாருக்குப் படுக்கை மாற்றினோம், இருவருமாக. கண்ணாடியையும் துடைத்தேன், கீழ் மூலையை மட்டும் விட்டுவிட்டு.