அம்மன் பார்த்த கல்யாணம்

நவம்பர் 12, செவ்வாய்.

கூட வேலை செய்யும் ரேவதியின் திருமணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட இன்று அம்பத்தூர் போயிருந்தேன். ராத்திரி சோறு போடும்போது இவரிடம், "நாமளும் பதிஞ்சுடலாமா?" என்று சும்மாதான் கேட்டேன்.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"யாரும் சொல்லல."

"மாங்காட்ல அம்மன் முன்னாடி தாலி கட்டிக்கீறேன். ஊரே பாத்துச்சு. புருஷன் பொண்டாட்டி நடுவுல கவர்மெண்டுக்கு இன்னா வேலை?"

கல்யாணம் ஆனதிலிருந்து இதையேதான் சொல்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரேவதியிடம்கூட இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று மட்டும் உறுத்துகிறது. அரசாங்கத்தின் மேல் கோபம் என்றால் என்னை ஏன் முறைக்க வேண்டும்? பதிவுக்குக் கேட்பார்களே, நம் கல்யாணப் பத்திரிகை எங்கே என்றேன். தங்கச்சி வீட்டில் இருக்கும் என்றார். எங்கள் பத்திரிகைக்கு அங்கே என்ன வேலை? பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

போன மாதம் பைக் வாங்கினார். நம்பர் வரத் தாமதமானதும் லீவு போட்டுவிட்டுப் போய் ஷோரூமில் சண்டை பிடித்தார். இதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று சிரித்தேன்.

"எவனாச்சும் தூக்கிகினு பூட்டா, நம்ப வண்டின்னு காட்ட ஆர்.சி. வேணாமா?" என்றார்.

இப்போது குறட்டை விடுகிறார். இவரை எவளாவது ஓட்டிக்கொண்டு போனால் நான் எதைக் காட்டுவேன்? மாங்காட்டு அம்மனையா சாட்சிக்குக் கூட்டி வருவது?