கீறாமல் விட்டது

மார்ச் 4

குட்டிக்கு,

ஊசி மருந்து முடிந்தது. தலையில் முடி எட்டிப் பார்க்கிறது. உன் அண்ணன் தடவிவிட்டு, "பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கு" என்றார். "அப்ப இன்னிக்குப் பாத்திரம் உங்க வேலை" என்றேன். தேய்த்தார்.

பக்கத்துப் படுக்கைக்காரிக்கு ஐந்து வருடத்துக்கு தினம் ஒரு மாத்திரையாம். எனக்கு ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "உங்க ரிப்போர்ட் நெகட்டிவ்மா" என்றார். நெகட்டிவ் என்றால் நல்லது என்று சந்தோஷமாக வந்துவிட்டேன். வீட்டு வாசலில் சந்தேகம் வந்தது.

மார்பை அறுத்தெடுத்து உன் லேபுக்குத்தானே அனுப்பினார்கள்? புரிகிற மாதிரி எழுது. போன் வேண்டாம். நீ "அண்ணி" என்று ஆரம்பித்தாலே எனக்கு அழுகை வருகிறது. நாத்தனார் என்றால் வாயாடுவாள் என்பார்கள். எனக்கு வாய்த்தது வாயையே திறப்பதில்லை.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

நெகட்டிவ் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. சில புற்றுகள் பெண் ஹார்மோனைத் தின்று வளரும். அதைப் பிடித்துக்கொள்ள செல்லுக்குள் ரிசப்டர் என்று ஒன்று இருக்கும். கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுவோம். கொக்கியை மட்டும் தேடிப்போய் ஒட்டுகிற மருந்தை விடுவோம். கொக்கி இருந்தால் பழுப்பு ஏறும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும்.

மாத்திரை அந்தக் கொக்கியை அடைக்கிறது. உங்கள் ஸ்லைடு நீலம். அதனால் மாத்திரை இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சதை சீவுகிற மெஷின் மறுபடி மக்கர். நாள் முழுக்க அதோடுதான் சண்டை.

குட்டி


அக்டோபர் 19

குட்டிக்கு,

மருந்து முடிந்து ஒன்றரை வருடம். முதுகுவலி என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஸ்கேனில் புற்று பரவியிருப்பது தெரிகிறதாம். முதுகெலும்பில் மூன்று இடம், இடுப்பில் ஒன்று.

உன் அண்ணன் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்து அரைமணி நேரம் தேடினார். நான் திட்டவில்லை. நான் பயந்திருப்பது அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலையா? ஒரு வரி போடு.

உன் அண்ணி


நவம்பர் 2

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். புற்று நீலம். பக்கத்தில் இருந்த நல்ல பால்குழாய்களும் நீலம். நல்ல குழாயிலும் கொக்கி உண்டு, அதனால் அவற்றில் சில செல்களாவது பழுப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் சோதனையே தோற்றது. அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏன் தோற்றது என்று எனக்குத் தெரியும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் லேப் டாக்டர் லீவு. பெரிய சதை வந்தால் விரல் அகலத்துக்குக் கீறிக் கீறி, கெடாமல் காக்கிற ஃபார்மலின் மருந்தில் போட வேண்டும். கீறாவிட்டால் மருந்து நடுவரை இறங்காது, உள்ளே கெட்டுவிடும், கொக்கிகளும் போய்விடும். தினமும் செய்கிற வேலை. கத்தியை எடுத்தேன். தோலில் அந்த மச்சம். உங்கள் பாப்பாவுக்கு நீங்கள் பால் கொடுக்கும்போது நான் பார்த்த மச்சம். கத்தி வைக்க மனசு வரவில்லை. முழுசாகப் போட்டு மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் வருவதற்குள் கீறினேன். நடுவில் பச்சை மாமிச வாசனை. "வெள்ளிக்கிழமையே கீறி வெச்சியா?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஊசியால் எடுத்த சின்னத் துண்டு மெழுகில் அப்படியே இருந்தது. அப்போது புற்றா இல்லையா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்கள். நேற்று அதைச் சீவிச் சாயம் ஏற்றினேன். பத்துக்கு ஒன்பது செல் பழுப்பு.

அந்த மாத்திரை உங்களுக்கு அப்போதே கொடுத்திருக்க வேண்டியது.

நடந்ததை டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். புது ரிப்போர்ட் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மன்னியுங்கள் என்று நான்கு முறை எழுதி அடித்தேன்.

குட்டி


நவம்பர் 15

நாத்தனாருக்கு,

மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. சின்னது. காலையில் ஒன்று. "தாமதம்தான், ஆனா கேக்கும்மா" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்குக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. எனக்குப் பிறகு அவருக்கு நீதான் இருப்பாய்.

கீறாமல் விட்டதற்குக் கோபம் வருகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை. என் மேல் கத்தி வைக்க உனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். "ஆமா சார்" என்றாயே, அந்த இடத்தைத்தான் தாண்ட முடியவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன்.

அடுத்த வாரம் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுக்கிறார்கள். வேறு லேபுக்கு அனுப்பச் சொன்னேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நம்பர் போட்டு, வேலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கும் எனக்கு அப்படி ஒரு ஆள் போதுமாயிருந்திருக்கும்.

இனி எழுத வேண்டாம். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் உன் அண்ணன் போன் செய்வார்.

அண்ணி