சுழிக்குச் சொந்தக்காரர்

உ

சான் ஹோசே
நவம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு, சித்ரலேகா வணங்கி எழுதுவது. நான் சுகம். முக்கூடலில் மழை உண்டா? அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் கம்பெனி, தான் விற்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் புரோகிராம் முழுவதையும் ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட நினைத்தது. அடுத்தவர் எழுதிய பகுதி உள்ளே இருந்தால் வழக்கு வருமே என்று வக்கீல்கள் வரிவரியாகத் தேடினார்கள். நான் எழுதியவற்றின் தலைப்பில் எல்லாம் ஒரு இரண்டு, அடியில் ஒரு கோடு. கம்ப்யூட்டரில் அவ்வளவுதான் முடிந்தது. “இது எந்தக் கம்பெனி முத்திரை?” என்று விசாரணை. பிள்ளையார் சுழி என்றேன்.

“அவர் எழுத்தில் சம்மதம் தருவாரா?” என்றார் வக்கீல், சிரிக்காமல்.

கடைசியில் மற்ற கம்பெனிகள் தங்கள் பகுதிகளுக்குக் கேட்ட உரிமத்தொகையைக் கண்டு மலைத்துப்போய்த் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆனாலும் சுழிகளை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். நானே அழித்தேன். “ஏட்டி, சுழி போட்டியா?” என்று நீ கேட்பாயே, இங்கே அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வற்றல், வடகம் எதுவும் அனுப்ப வேண்டாம். பதில் கடிதத்தில் சுழியை மட்டும் உன் கையால் பெரிதாகப் போடு. கடிதம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

சித்ரா