பூட்டிய காருக்குள்

என் கண்ணம்மாவுக்கு,

நலமா? அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். வயிற்றிலிருப்பது நன்றாக உதைக்கிறதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு கூத்து. ஒரு காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்து, அந்தச் சிறு பள்ளத்துக்குள் மழைநீர் இறங்கியிருந்தது. ஈரத்தோடு, பள்ளத்தை அடைக்கும் பசையை ஊற்றினால் வெளுத்துவிடும். அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் ஓடிவிடும். அதனால் உள்ளே உட்கார்ந்து மெதுவாக வெப்பக் காற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். கார்க்காரர் என்னைக் கவனிக்காமல் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளிருந்து திறக்க முடியவில்லை. பட்டறையின் தகரக் கூரையில் அடித்த மழையில் நான் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. வேறென்ன செய்வது, ஈரத்தைக் காயவைத்து முடித்தேன்.

ஒருவழியாகக் கார்க்காரர் திரும்பியதும், அவரிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்த எங்கள் பட்டறை முதலாளி, "உள்ளயே குடிவந்துட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குமுன், "பிரசவத்துக்கு ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட்டைக் குடுங்க" என்றேன்.

"மழை பெய்ஞ்சாதான்பா விரிசல் விட்ட வண்டியெல்லாம் வரும், நமக்கு வேலை. அப்புறம் பாக்கலாம்" என்று பாஸ்போர்ட் இருந்த இழுப்பறையைப் பூட்டினார்.

பயப்படாதே, மறுபடி கேட்பேன். ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கூட்டிப்போ. குழந்தையின் முதல் அழுகையைப் போனில் பிடித்து அனுப்பச் சொல். அப்பா எங்கே என்று கேட்டால், வேலையில் இருக்கிறார் என்று சொல்லாதே. வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்னவன்