தூங்கி எழுந்த பேட்டரியின் முகம்

என்னங்க, நல்லா இருக்கீங்களா?

அங்கே ஃபேன் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மணமேல்குடிக் கடற்கரையில் விடியக்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் என்னைப் புழுங்க விட்ட மனுசர்தானே நீங்கள்.

நீங்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் படத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த விசயம் பேச்சில் அடங்காது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். "மாமாவுக்கு எழுதுறத நாலு பேரு படிச்சா என்ன அத்தை?" என்கிறாள் உங்கள் மருமகள் கவிதா. படிக்கட்டுமே. நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் வண்டியை விற்க ஆளே பார்த்துவிட்டார்கள், தெரியுமா?

முப்பது வருசம் கீரனூருக்கும் திருச்சிக்கும் பஸ் ஓட்டிய கால் சும்மா இருக்காது என்று, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினீர்களே, அதே வண்டிதான். உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கூரைமேல் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி. நீங்கள் கேம்பர் வேன் என்பீர்கள். தெருவுக்கு அது டிரைவர் வீட்டு வண்டிவீடு. வயசான காலத்தில் இந்த மனுசனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நான் திட்டாத நாள் உண்டா?

அதைவிட அந்த பேட்டரியைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஃபேன், லைட்டு, ஃபிரிட்ஜ் எல்லாம் நிற்க வேண்டும். அரை மணி நேரம் அதற்கு ஓய்வு. அப்புறம்தான் மீட்டரைப் பார்ப்பீர்கள். அதில் ஒரு பக்கம் பர்சென்ட், ஒரு பக்கம் வோல்ட். பர்சென்ட்டை நீங்கள் மதித்ததே இல்லை.

"அது வாயால சொல்றது புள்ள. வோல்ட்டுதான் மொகம். தூங்கி எந்திரிச்ச மொகத்துல பொய் இருக்காது. பன்னெண்டரைக்கு மேல இருந்தா தெம்பா இருக்கு. பன்னெண்டுக்குக் கீழ போனா படுத்துருச்சுன்னு அர்த்தம்."

நான் விடுவேனா? "கட்டுன பொண்டாட்டி எந்திரிச்சு ஒக்காந்துருக்கா, அவ மொகத்தப் பாக்க ஆளக் காணோம். பேட்டரி மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கு பாரு!" என்பேன். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி, "ஒன் மொகம் எப்பயும் பதிமூணுதான் புள்ள" என்பீர்கள். அத்தோடு என் கோபம் போன இடம் தெரியாது.

நீங்கள் போன பிறகு கவிதா வண்டி ஓட்டப் பழகிக்கொண்டாள். உங்களைவிட நிதானமாக ஓட்டுகிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் படம் ஒன்றைச் சின்னதாகப் போட்டு, கட்டிலில் படுத்தால் தெரிகிற மாதிரி வண்டியில் மாட்டினேன். படத்துக்கு ஒரு சிவப்பு பல்பும் வைத்தேன். போன மாதம் நானும் அவளும் மணமேல்குடிக்குக் கிளம்பினோம். நாம் முதன்முதலில் போன இடம் இல்லையா, அங்கே போய் உங்களை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றுதான்.

வண்டி பன்னிரண்டு நாளாகத் தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்தது. வெயில் படாததால் சோலாருக்கு வேலை இல்லை. மீட்டரைப் பார்த்தேன், தொண்ணூற்று நாலு பர்சென்ட். பிறகு எதற்கு சார்ஜ் போட வேண்டும்? பக்கத்திலேயே வோல்ட்டும் இருந்தது. அதை யார் பார்த்தது? பர்சென்ட் பார்ப்பது சுலபமாக இருந்தது, பார்த்தேன், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் டீ போடும்போது ஃபிரிட்ஜில் சத்தமே இல்லை. திறந்தால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது. மீட்டர் மட்டும் எழுபத்தொன்று என்று சாதிக்கிறது. உள்ளே என் இன்சுலின் பாட்டில் மூன்று இருந்தது, பிரிக்காதது. வெளியே கொளுத்துகிற வெயில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கவிதா கெட்டிக்காரி. மீன் ஏற்றுகிற இடத்துக்கு ஓடிப்போய் ஒரு பெட்டி ஐஸ் வாங்கி வந்தாள். ஐஸ் நேராகப் படக்கூடாது என்று மருந்தைத் துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில் போட்டு மூடி, அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். கீரனூர் வந்து சேரும் வரை வண்டியெல்லாம் நெத்திலி வாசம். வழியெல்லாம் அவள் சிரித்தாள், நான் அழுதேன்.

ஏன் அழுதேன் என்று சொல்கிறேன். அந்த ஃபிரிட்ஜை நீங்கள் வாங்கியதே என் மருந்துக்காக. காலையில் அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து நீங்கள் பார்த்தது பேட்டரியை இல்லை, என் மருந்தை. என்னை. இது எனக்கு அந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்கள்?

நம் பிள்ளை செந்தில் பயந்துவிட்டான். "பேட்டரி ஏமாத்துது, மீட்டரும் ஏமாத்துது. நடுவழியில ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வேணாம்மா, வித்துருவோம்" என்றான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, அப்பாவை இழந்த பயம் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க ஒரு ஆளையும் பேசிவிட்டான்.

எனக்கு ஒன்பது நாள் இருந்தது. கடையில் கொடுத்து பேட்டரியைச் சோதித்தோம். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று முழுசாக சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். மறுபடி மாட்டி, வண்டியைக் கொட்டகையில் விட்டு, மெயின் சுவிட்சை அணைத்தோம். மறுநாளிலிருந்து காலையில் போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் பன்னிரண்டு புள்ளி ஏழு. மூன்றாம் நாள் புள்ளி ஆறு. ஐந்தாம் நாள் புள்ளி ஐந்துக்கும் கீழே. பர்சென்ட் மட்டும் நூறிலிருந்து அசையவே இல்லை. எல்லாம் அணைந்து கிடக்கிறது, அப்புறம் யார் குடிக்கிறார்கள்?

ஆறாம் நாள் காலை கொட்டகைக்குள் வெளிச்சம் சரியாக வரவில்லை. மீட்டரைக் குனிந்து பார்க்கிறேன், அதன் கண்ணாடியில் சிவப்பாக ஒரு பொட்டு. திரும்பிப் பார்த்தால் நீங்கள்! எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதை எரிகிற ஒரு பல்பு என்று எனக்கு நினைக்கவே தோன்றவில்லை, பாருங்கள்.

தப்பு என்னுடையதுதான். பல்பு மாட்ட வந்த இலுப்பூர் எலெக்ட்ரீஷியன், "மெயின அணைச்சா இதுவும் அணைஞ்சுரும்மா" என்றார். "அவரு வெளக்கு அணையவே கூடாது தம்பி, சுவிட்சே வைக்காதீங்க" என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் நேராக பேட்டரியிலிருந்தே வயரைக் கொடுத்துவிட்டார். பேட்டரி வாயில் ஒரு பித்தளைத் துண்டைக் காட்டி, "இது டோல்கேட்டு மாதிரி புள்ள, இது வழியா போறதத்தான் மீட்டரு எண்ணும்" என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள். உங்கள் விளக்கு டோல்கேட்டைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாகப் போயிருக்கிறது. பன்னிரண்டு நாள் இரவும் பகலும் பேட்டரியைக் குடித்திருக்கிறது, மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

என் மருந்தைக் கெடுக்கப் பார்த்தது உங்கள் விளக்கு. சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது, உங்கள் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

எலெக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். வயரை மீட்டர் எண்ணுகிற பக்கம் மாற்றி, ஒரு சுவிட்சும் வைத்தார். பேட்டரிக்கு மறுபடி முழு சார்ஜ் ஏற்றினோம். கொட்டகையில் நிற்கிற நாளில் விளக்கை அமர்த்தியே ஆக வேண்டும் என்றார். யார் அமர்த்துவது? செந்தில் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான். "என்னால முடியாது அத்தை" என்று கவிதா என் பின்னால் நின்றுகொண்டாள். எலெக்ட்ரீஷியனும், "நீங்களே அமத்துங்கம்மா" என்று விலகிக்கொண்டார்.

நம் வீட்டில் விளக்கை ஊதி அணைத்ததுண்டா? பூவால் அல்லவா குளிர வைப்போம். வாசலில் போய் ஒரு நந்தியாவட்டை பறித்து வந்தேன். அந்தப் பூவைச் சுவிட்சின்மேல் வைத்து, பூவோடு சேர்த்து அழுத்தினேன். நீங்கள் போன அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று காலை, ஞாயிற்றுக்கிழமை வரை, ஒரே எண்தான். பன்னிரண்டு புள்ளி ஏழு. அன்றைக்குச் செந்திலும் வந்து என் பக்கத்தில் குனிந்து பார்த்தான். அப்புறம் அந்த ஆளுக்கு போன் போட்டு, "இல்லங்க, குடுக்கல. அப்பா வண்டிங்க" என்றான்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி மணமேல்குடி போகிறோம். வண்டி கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்ததும் முதல் வேலையாக உங்கள் விளக்கை ஏற்றுவேன். திரும்பி வந்து நிறுத்தியதும் பூவால் அமர்த்துவேன். போகிற இடத்தில் காலையில் ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜை நிறுத்தி, உங்களையும் நிறுத்தி, அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் புழுங்குவேன். அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டீ. இது சத்தியம்.

பேட்டரியின் முகத்தை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். என் முகத்தைப் பார்த்துப் பதிமூணு என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்கள் சம்சாரம்,
செந்திலின் அம்மா,
தனலெட்சுமி