சோறு வைத்து ஒட்டிய பக்கம்

நேற்றுக் காலை நம் பாப்பாவின் அணில் புத்தகத்தைத் தூசி தட்டியபோது ஒரு சோற்றுப் பருக்கை உதிர்ந்து என் மடியில் விழுந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், வாசனை ஒன்றும் இல்லை. கோந்துக்குப் பதிலாக நீ சோற்றை மசித்தபோது உன் விரலுக்குத் தப்பிய பருக்கை. குப்பையில் போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுகோடி பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தப் புத்தகத்தை நீதான் பிரேசர் டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினாய். கன்னடப் புத்தகம். தினமும் பாப்பாவைத் தூங்கவைக்கும்போது கன்னடத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வாய். அச்சில் இருப்பது எங்கே முடிகிறது, உன் சரக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தையல் தளர்ந்திருக்கிறது, அட்டை கோணல் என்று குறை சொல்வேன். இத்தனை வருஷம் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்ப்பவனுக்கு வேறென்ன கண்ணில் படும்? "உங்க கையில புக்கு குடுத்தா கதைய பாக்கமாட்டீங்க, முதுகத்தான் பாப்பீங்க" என்பாய்.

நீ போன பிறகு நான் வாசிக்க ஆரம்பித்தேன். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அம்மா மாதிரி இல்லை என்பாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கொரு தனிமை. இந்த ஒரு புத்தகத்தையாவது நீ சொன்னதுபோல் சொல்லிவிட்டால் என் பக்கம் திரும்புவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கதை இடறியது. அணில் குடும்பம் சாயங்காலம் சாப்பிடுகிறது; தாளைத் திருப்பினால் விடிந்துவிட்டது, அம்மா அணில் கை நிறையப் பழத்தோடு நிற்கிறது. பழம் எங்கிருந்து வந்தது? தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு தாள் மட்டும் இரட்டைக் கனம். பால் கொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஒட்டிய தாளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது என்பதுதான் உனக்குத் தெரியுமே. மறுநாள் பிரஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், ஈரத்துணியும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். ஓரம்கூடக் கிழியவில்லை. அந்தப் பெருமையில் படத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, பாப்பாவின் பக்கத்தில் விரித்த பிறகுதான் பார்த்தேன். இடது பக்கத்தில் பழம் தேடிப் போகும் அம்மா அணில் தூரத்து மரத்திலிருந்து வாலை ஆட்டுகிறது. வலது பக்கம் முழுக்க இருட்டு. குட்டி தூங்குகிறது. அப்பா அணில் தன் வாலைக் குட்டிமேல் போர்த்திவிட்டு, தனியாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பால் கொட்டி ஒட்டியதல்ல இது; குழந்தை பார்க்கக் கூடாதென்று நீ மூடிவைத்ததை நான் போய்த் திறந்துவிட்டேனே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அவசரமாகப் புத்தகத்தை மூடப் போனேன்.

பாப்பா கையை வைத்துத் தடுத்தாள்.

"எனக்கு இந்தப் பக்கம் தெரியும்பா. நானும் அம்மாவும் சேந்துதான் சோறு வெச்சு ஒட்டுனோம்."

எதற்கு என்று கேட்டேன்.

"அம்மா கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போச்சில்ல, அதுக்கு முன்னாடி. அப்பா பாத்தா அழுவாரு, அவருக்குக் காட்ட வேணாம்னு சொல்லிச்சி."

அழுதேன். நீ நினைத்தது சரிதான். உன்மேல் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்ல முடிந்தது உன்னால், என்னிடம் முடியவில்லையா? யோசித்தால், நான்தான் உன்னைச் சொல்லவே விடவில்லை. நீ வாயைத் திறந்தாலே சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று அடைத்துவிடுவேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி ஒட்டவில்லை. பாப்பா இப்போது என் பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள். மற்ற பக்கங்களை நான் வாசிக்கிறேன். அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை அவள் வாங்கிக்கொள்கிறாள். சொல்லி முடித்துவிட்டு, தன் போர்வையின் ஒரு முனையை இழுத்து என் முழங்கால்மேல் போடுகிறாள். அதுவும் நீ சொல்லிவிட்டுப் போனதா என்று இன்னும் நான் கேட்கவில்லை.